பிரண்டை விலக்கு

ஜனவரி 9, திங்கள்

கான்வென்டில் நாட்குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதப் பழக்கினார்கள். இத்தனை வருடமும் அப்படியே எழுதினேன். இந்த வருடம் தமிழில் எழுதப் போகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் கோபம் பாதியிலேயே இறங்கிவிடுகிறது. இப்போது எனக்கிருக்கும் கோபத்தை இறக்க எனக்கு மனமில்லை.

எக்ஸ்ரே எடுக்கிறவன் என்னைப் பாட்டி என்றான். "பாட்டி, காலை உள்பக்கமாத் திருப்புங்க." உன் பாட்டி உன் வீட்டில் இருப்பாள், இங்கே படுத்திருப்பது மிஸஸ் கொரைரா என்றேன். "சரி பாட்டி" என்றான்.

இடது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்துப் பதினோரு வருடமாகிறது. தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டு இறங்கியிருக்கிறது. இன்றைய படத்தில் அந்தத் தண்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. எலும்பு இருக்க வேண்டிய இடம் அது. மூட்டிலுள்ள பிளாஸ்டிக் தேய்ந்து தூசாக உதிர்கிறதாம். அந்தத் தூசை விரட்ட வருகிற உடம்பின் சொந்த அணுக்கள் பக்கத்து எலும்பையும் சேர்த்துக் கரைக்கின்றனவாம். காவலுக்கு வைத்தவன் சுவரை இடிக்கிற கதை. பெரிய டாக்டர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய எலும்பு அல்லவே.

கோடு அகலமானால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் மறுபடியும் அறுவை. எழுபத்தாறு வயதில், இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு, அதை அவர் விரும்பவில்லை. நானும் விரும்பவில்லை. முதல் அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து நர்ஸ் வைத்துக்கொண்டோம். யாருக்கும் நான் பாரமாக இருக்கவில்லை. இனியும் இருக்க மாட்டேன்.

ஜனவரி 17, செவ்வாய்

அதே ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. நடத்துவது டாக்டர் ஜுலைஹா, காயல்பட்டினத்துப் பெண். சிறு வயது, சுத்தமான நகங்கள், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். மூட்டு மாற்றியவர்களில் எலும்பு கரைகிறவர்களுக்கு ஒரு கேப்ஸ்யூல் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் இருப்பது பிரண்டையிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒரு சத்து.

"பிரண்டைக்கு மாத்திரையா?" என்று என் மருமகள் இமெல்டா வாயைத் திறந்தாள். "எங்க மணப்பாட்டுல ஆடு சீண்டாமக் கெடக்கும் டாக்டர். அரைச்சுத் தின்னாப் போதாதா?"

"அது போதுமா, போதாதான்னு தெரியாதே அக்கா. அதத் தெரிஞ்சுக்கத்தான் இது" என்றாள் டாக்டர்.

பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருடம் முடிந்ததும் யாருடைய கோடு அகலமானது, யாருடையது நின்றது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதுவரை பிரண்டையை எந்த வடிவத்திலும் தொடக் கூடாது. துவையல், தொக்கு, பிரண்டைச் சாறு விட்ட அப்பளம் எல்லாம் விலக்கு. மாவு சாப்பிடுகிறவர் வீட்டில் பிரண்டையைத் தின்றால் அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? எனக்கு இது உடனே புரிந்தது.

தாள்களை முழுக்கப் படித்தேன். மூன்று பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அங்கிருந்த ஊழியர் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நகர்த்திய அவருடைய கையை ஒரு பார்வை பார்த்தேன். பெட்டி திரும்பிப் போய்விட்டது. ஹில்டா கொரைரா என்று ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி கையெழுத்துப் போட்டேன். முப்பது வருடம் கப்பல் ஏஜென்சியில் இருந்தவள் நான். என் கையெழுத்தை நம்பித் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் கிளம்பியிருக்கின்றன.

பிப்ரவரி 3, வெள்ளி

காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பாட்டுக்குப் பின். தவறவில்லை.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

பூசையில் நிற்க முடியவில்லை. பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரும்போது பங்குச் சாமியார், "வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரச் சொல்லி உங்க மருமக கேட்டிருக்கா" என்றார். யாரைக் கேட்டுக்கொண்டு கேட்டாள்? நான் படுத்த படுக்கையாகவா கிடக்கிறேன்? என் மகன் லெனார்ட் கப்பலில் இருக்கிறான். அவன் இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கலாம் என்று இவளுக்கு நினைப்பு.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கையை நீட்டினாள். நான் கம்பியைப் பிடித்து இறங்கினேன்.

மார்ச் 14, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கென்று வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். செவ்வாய்தோறும் அங்கே கூட்டம் இருக்கும். எனக்குப் பக்கத்தில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம், இரண்டு முழங்காலும் மாற்றியவள். என்னை டீச்சரம்மா என்கிறாள். நான் டீச்சர் அல்ல என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. அவள் பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்துத் திறந்தாள். பச்சையும் கறுப்புமாக ஒரு துவையல். பெஞ்சு முழுக்க நல்லெண்ணெய் வாசம்.

"இந்தாங்க டீச்சரம்மா, ஒரு விரல் நக்கிப் பாருங்க. இளம் பிரண்டை, நாரே கெடையாது."

நான் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.

"இது விலக்குன்னு சொல்லியிருக்காங்கள்ல?"

"சொல்லிருக்காவ. ஆனா எனக்கு மாவுல்லா விழுந்திருக்கு. தெரியுது. முழுங்குனா ஒரு ஏப்பம்கூட வரல. அப்ப எங்காலுக்கு நாந்தான பாக்கணும்? வாரத்துக்கு மூணு நாளு அரைச்சுத் தள்ளுதேன்."

அந்தப் பக்கம் பரமசிவன் என்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவரும் விரலை நீட்டினார். "டாக்டரம்மா சொன்ன பொறவுதான் எனக்கே புத்தி வந்துச்சு, கேட்டியளா. எங்க வேலி பூரா பிரண்டை. இத்தன வருசமா வெட்டி வெட்டிக் குப்பையில போட்டிருக்கேன். இனி விடுவனா?"

"கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?" என்று ஆவுடையம்மாளைக் கேட்டேன்.

"நான் எங்க போட்டேன்? கைநாட்டுல்லா வச்சேன்!"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. தூக்குச்சட்டி கடைசி ஆள்வரை போய், வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. ஒரே ஒரு கைதான் அதைத் தொடவில்லை.

மார்ச் 15, புதன்

டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா? கோள் சொல்கிறவளையும் குற்றம் செய்தவளோடு சேர்த்தே முழங்காலில் நிறுத்துவார் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்னதெத். அது வகுப்புக்குச் சரி. இது வகுப்பு அல்ல. ஆனாலும் சொல்லவில்லை. எல்லோரும் வளைந்தாலும் ஒரு கோடு நேராக இருந்தால் போதும், அதை வைத்து மற்றதை அளந்துகொள்வார்கள் என்று தோன்றியது.

இமெல்டாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப மத்தவங்க எல்லாரும் சாப்பிடுதாங்களா மாமி?" என்று கேட்டாள்.

"எல்லாரும்."

"நீங்க மட்டும் சாப்பிடல."

"நான் மட்டும்."

அதோடு மீன் கழுவப் போய்விட்டாள். இந்தப் பெண்ணுக்கு நேர்மை என்றால் என்னவென்று தெரியாது. வளர்ப்பு.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

லெனார்ட் போனில் பேசினான். சிங்கப்பூரில் இருக்கிறானாம். கால் எப்படி என்றான். காலுக்கென்ன என்றேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

இமெல்டா கொத்தமல்லித் துவையல் அரைத்திருந்தாள். நாக்கின் ஓரம் அரித்தது. வதக்கும்போது அவசரம், அதுதான் காரணம். கொத்தமல்லியைக்கூடப் பக்குவமாக வதக்கத் தெரியாமல் இருபது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். சொன்னேன். "இன்னும் கொஞ்சம் புளி வைக்கேன் மாமி" என்றாள். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள் அடங்கிப் பேசினாள். நல்ல மாற்றம்.

மே 5, வெள்ளி

மறுபடியும் துவையல். இந்தத் தடவை கறிவேப்பிலை என்றாள். அரிப்பு இல்லை. புளி சரியாக இருந்தது. நான் சொன்னதால்.

மே 16, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எடை, இரத்தம். ஆவுடையம்மாள் இந்த வாரம் பிரண்டை வற்றல் கொண்டுவந்திருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "டீச்சரம்மா வெரதம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது இமெல்டா முழங்கைவரை நல்லெண்ணெய் பூசிக்கொண்டு நின்றாள். என்ன இது என்றேன். சேனைக்கிழங்கு நறுக்கினாளாம், கை அரிக்கிறதாம். இரவு உணவில் சேனைக்கிழங்கைக் காணோம். இவள் சமையலறைக் கணக்கு இவளுக்கே விளங்காது.

ஜூன் 20, செவ்வாய்

மாடிப்படியில் இன்று நிற்காமல் ஏறினேன். இமெல்டா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்வை என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமி" என்றாள். முகம் பூராவும் சிரிப்பு. எனக்கு மருந்துதான் விழுந்திருக்கிறது என்பதில் இனிச் சந்தேகமில்லை.

ஜூலை 11, செவ்வாய்

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டர் ஜுலைஹா வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஜனவரிப் படத்தைப் பக்கத்தில் மாட்டினாள். கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. ஓர் இடத்தில் சற்று ஒடுங்கியதுபோலவும் தோன்றுகிறதாம்.

"எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்லம்மா. ஒரு கேப்ஸ்யூல் விடல. ஒரு நாள் லேட்டா வரல."

அடுத்த மாதக் கடைசியில் மதுரையில் எலும்பு மருத்துவர்கள் கூடுகிறார்களாம். நான் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். ஒழுங்காக விதிகளைப் பின்பற்றியவர் என்று என்னைக் காட்ட வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்ததும் இமெல்டாவிடம், சாம்பல் நிறப் பட்டுப் புடவையைச் சலவைக்குப் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, சனி. மாதா திருநாள்

பெரிய பூசை முழுவதும் நின்றேன். அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில். நற்கருணை வாங்க நானே நடந்து போனேன். என் வயதுக்காரிகள் பாதிப்பேர் நாற்காலியில். பங்குச் சாமியார் தலையசைத்தார். எனக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவதாக இருந்தவர்.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இமெல்டா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். தொட்டியில் மிதவை சிக்கியிருக்கும். ஆளுக்குச் சொல்லி அனுப்பிக் காத்திருப்பதைவிட நானே பார்த்துவிடலாம் என்று மொட்டைமாடிக்கு ஏறினேன். நான் அங்கே ஏறி வருடங்கள் ஆகின்றன. கால் ஏறவிட்டது.

மிதவையைத் தட்டினேன், தண்ணீர் விழுந்தது. திரும்பும்போது தொட்டிக்குப் பின்னால் உடைந்த வாளி ஒன்றைப் பார்த்தேன். அதில் மண். மண்ணில் பிரண்டை. நாலு பட்டைக் கொடி, கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்து, நுனிகள் எல்லாம் கணுவுக்குக் கணு ஒடிக்கப்பட்டிருந்தன. சில இடங்களில் ஒடித்த ஈரம் காயவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

கூடையோடு வந்தவளைச் சமையலறை வாசலிலேயே நிறுத்தினேன். கொத்தமல்லியா, கறிவேப்பிலையா என்று கேட்டேன். அவள் மழுப்பவில்லை. கூடையைக் கீழே வைத்தாள்.

"பிரண்டைதான் மாமி. ஏப்ரல்லருந்து போடுதேன்."

"யாரைக் கேட்டுப் போட்டாய்?"

"கேட்டா விட்டிருப்பியளா?"

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், இமெல்டா."

"அந்தப் பெஞ்சுல இருக்கவங்க அம்புட்டுப் பேரும் சாப்பிடுதாங்கன்னு நீங்கதான சொன்னிய? எல்லாரும் மருந்தும் திம்பாங்க, பிரண்டையும் திம்பாங்க. நீங்க மட்டும் மாவத் தின்னுட்டு எலும்பக் கரைய விடுவியளோ? உங்க கையெழுத்து பெருசா மாமி, உங்க காலு பெருசா?"

"கையெழுத்துதான் பெரிசு."

"உங்களுக்குப் பெருசு. கால் போச்சுன்னா தூக்கப்போறது நான்லா?"

அதற்கு நர்ஸ் இருக்கிறாள் என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"எந்த நர்ஸ்? பாளையங்கோட்டைக்காரியா? நாலாம் நாளே ஓடிட்டா மாமி, நீங்க வைத வசவுல. அப்புறம் மூணு மாசம் உங்களத் தூக்குனது யாரு? குளிப்பாட்டுனது யாரு? வாறவங்ககிட்ட எல்லாம் நர்ஸ் நர்ஸுன்னு சொன்னிய. நானும் ஆமான்னுதான் சொன்னேன்."

இதைப் பற்றி இங்கே எழுத அவசியமில்லை.

இன்னொருவர் வாயில் அவருக்குத் தெரியாமல் எதையும் போடும் உரிமை யாருக்கும் கிடையாது என்று சொன்னேன். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள்கூட என்னைக் கேட்டுத்தான் மாவு கொடுத்தார்கள். என் வீட்டில் என்னைக் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. கோபத்தில்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? கோடு நின்றிருக்கிறது. கேப்ஸ்யூல் இன்னும் ஐந்து மாதத்துக்கு வரும். அது மருந்தாக இருந்தால், சொன்ன மறுநாளே அதை நிறுத்திவிடுவார்கள். பிறகு கோடு அகலமானால் யார் பொறுப்பு? சொல்லாவிட்டாலோ, மதுரையில் என்னை நிறுத்தி, இந்த அம்மாள் பிரண்டையைத் தொட்டதே இல்லை, இந்தக் கால் கேப்ஸ்யூலால் நின்றது என்பார்கள். அதைக் கேட்டு எங்கோ ஒரு டாக்டர் யாருக்கோ எழுதிக் கொடுப்பார். அந்தக் கேப்ஸ்யூலுக்குள் இருப்பது வெறும் மாவுக்குச் சமமாகவும் இருக்கலாம்.

இமெல்டா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அரிசி, உப்பு, தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குக் கோபப்பட என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சாம்பல் நிறப் புடவையையே உடுத்திக்கொண்டு போனேன். எதற்கும் கசங்கிய புடவையில் போய் நிற்கிற வழக்கம் எனக்கில்லை.

இமெல்டா என் பின்னால் அறைக்குள் வந்து நின்றாள். வெளியே இரு என்றேன், நகரவில்லை. டாக்டர் ஜுலைஹா மதுரைக்கு எந்த ரயில் என்று ஆரம்பித்தாள். நான் இடைமறித்தேன்.

"பிரண்டை சாப்பிட்டேன். ஏப்ரலிலிருந்து."

"தெரியாமயாம்மா? ஹோட்டல்ல எதுவும்..."

"தெரிஞ்சேதான். என் விருப்பத்துக்குத்தான்."

"மாமி!" என்றாள் இமெல்டா.

"நீ சும்மா இரு."

வீட்டில் நடப்பது வீட்டோடு. ஆஸ்பத்திரித் தாளில் கொரைரா குடும்பத்து மருமகளின் பெயர் எதற்கு?

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "ரெண்டு மூணு தடவதான இருக்கும்மா? விடுங்க. இனிமே தொடாதீங்க. நான் இத எழுதல. உங்க படம்தான் எங்ககிட்ட இருக்கதுலயே நல்ல படம்." குரல் கெஞ்சியது. பொல்லாத பெண் அல்ல. மூன்று வருட உழைப்பு அவள் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து அத்தனை சத்தம் வந்ததோ.

"ரெண்டு மூணு தடவை இல்ல, வாரா வாரம்! எழுதுங்க. நீங்க எழுதுறதைப் பார்த்துட்டுத்தான் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருப்பேன். என்னைக் கொண்டுபோய் நிறுத்தி ஊரை ஏமாத்தலாம்னு பார்க்கிறீங்களா? ஹில்டா கொரைரா பிரண்டை தின்னாள்னு எழுதுங்க!"

கதவு சாத்தியிருந்தால் என்ன? ஆஸ்பத்திரிக் கதவு. ஆவுடையம்மாள் அதைத் திறந்துகொண்டு தலையை நீட்டினாள்.

"ஏ டீச்சரம்மா! எங்கள அம்புட்டு வைதிய. கடைசில நீங்களும் நம்ம கூட்டந்தானா?"

பின்னால் பரமசிவனும் இன்னும் சிலரும். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அவளைப் பார்க்காமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான். வாழ்நாளில் அப்படி ஒரு நிமிடம் இருந்ததில்லை. இமெல்டாவின் கை என் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது, மரம் கிறீச்சிட்டது.

டாக்டர் தாளை எடுத்து எழுதினாள். ஆவுடையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"எழுதியே போட்டாவளா? அப்ப டீச்சரம்மாவ வெளிய அனுப்பிருவியளா டாக்டரம்மா?"

"ஆமா."

அவள் தூக்குச்சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "அப்ப எம் பேரையும் எழுதுங்க. மாசி மாசத்துலருந்து தின்னுதேன். இவுகளாவது வாரம் ஒரு தடவங்காவ. எனக்கு மூணு."

"எனக்குக் கணக்கே இல்ல" என்றார் பரமசிவன். அவருக்குப் பின்னால் இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. அறையில் இடம் போதவில்லை. டாக்டர் ஜுலைஹா பேனாவை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அழாதீங்க. முட்டி வலிக்குதுன்னு வந்தவங்ககிட்ட, உங்க வேலியில் இருப்பதுதான் மருந்து, ஆனா நீங்க தொடக் கூடாதுன்னு சொன்னது நீங்க. எந்த ஊர்க்காரங்க தொடாம இருப்பாங்க? நீங்களும் இந்தத் தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்கதானே? உங்க வீட்டு அடுப்படியிலாவது ஒருநாள் கேட்டுப் பார்த்தீங்களா?" என்றேன்.

"எங்க உம்மாவும் அரைப்பாங்க" என்றாள் அவள், கையை எடுக்காமலே.

ஆட்டோவில் பாதி வழியில் இமெல்டா என் பக்கம் திரும்பினாள். "ஏன் மாமி அப்படிச் சொன்னிய?" என்றாள்.

"எப்படி?"

"தெரிஞ்சே தின்னேன்னு."

"என் வாயில்தானே போனது" என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உப்பளங்கள் இருக்கிற பக்கம். மூக்கை உறிஞ்சினாள். வெயில் கண்ணில் குத்தியிருக்கும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

டாக்டர் ஜுலைஹா வீட்டுக்கே வந்தாள். பெரிய டாக்டர் அவளிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லையாம். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். புதிதாகத் தொடங்குவதற்கு முன் வீடு வீடாகப் போய், யார் எவ்வளவு பிரண்டை சாப்பிடுகிறார்கள் என்று முதலில் விசாரிக்கப் போகிறாளாம். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்றேன். ஆமாம் என்றாள். மறுப்பே சொல்லாதவளிடம் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

ஆராய்ச்சி நின்றுவிட்டதால், யாருக்கு எது போனது என்பதை இப்போது சொல்லலாமாம். தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டாள். சொல்லுங்கள் என்றேன்.

"மாவும்மா."

மாவு. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின், ஒருவேளை தவறாமல் நான் தின்றது மாவு.

"அப்ப என் எலும்பு நின்றது?"

"தெரியலம்மா. அக்கா போட்ட பிரண்டையா இருக்கலாம். தானாவும் நின்னிருக்கலாம், சிலருக்கு நிக்கும். ஒருத்தர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." 'அக்கா போட்ட' என்றாள். அன்று அந்த அறையில் அவள் எதையும் நம்பவில்லை என்று இப்போதுதான் புரிந்தது. தாளில் மட்டும் நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாள். அந்த மட்டுக்கு நல்ல பெண்.

அடுத்த படம் ஜனவரியில்.

இமெல்டா காப்பி கொண்டுவந்து வைத்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. டாக்டர் போன பிறகு தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 30, சனி

இன்று கத்தரிக்காய்த் துவையல்.

அக்டோபர் 4, புதன்

முருங்கைக்கீரை. நேற்று பீர்க்கங்காய்த் துவையல். தோலோடு அரைத்தாளாம், பெருமையாகச் சொன்னாள்.

இப்போது எந்த விலக்கும் கிடையாது. எவரிடமும் எந்தக் கையெழுத்தும் நிலுவையில் இல்லை. மாடியில் அந்தக் கொடி ஒடிப்பாரின்றி வழிந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கிவிட்டது என்று அந்த வீட்டம்மாள் குறைசொல்லிவிட்டுப் போனாள். தின்னக் கூடாதபோது திருட்டுத்தனமாகத் தின்னக் கொடுத்தவள், தின்னலாம் என்றானதும் பீர்க்கங்காய்த் தோலை அரைக்கிறாள். இதற்கு என்ன பெயர்?

அக்டோபர் 11, புதன்

இரண்டு நாளாகக் காலையில் எழும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு. மழைக்காலம் வருகிறது, அதனாலும் இருக்கலாம்.

இமெல்டாவிடம், மாடிக் கொடி பக்கத்து வீட்டில் இறங்கிவிட்டதாம் என்று மட்டும் சொன்னேன். "வெட்டிப் போட்டுருதேன் மாமி" என்றாள்.

"வெட்டச் சொல்லவில்லையே."

"பின்ன?"

நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"உங்களக் கேக்காம இனிமே ஒண்ணும் போட மாட்டேன் மாமி. போதும் எனக்கு. அன்னைக்கு அந்த ரூமுல உங்க முகத்தப் பாத்தேன்லா."

அப்படியானால் கேட்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று பயப்படுகிறாள் போலும். சொல்லியிருப்பேனோ என்னவோ.

அக்டோபர் 14, சனி

காலைப் பூசையிலிருந்து வந்ததும் புடவைகூட மாற்றாமல் சமையலறைக்குப் போனேன். இமெல்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே எனக்கென்று நாற்காலி கிடையாது, நின்றேன். அவள் எழுந்து முக்காலியைத் தள்ளினாள், வேண்டாம் என்றேன். என்ன மாமி என்றாள். அவள் அவசரப்படுத்தவில்லை, வெங்காயத்தையும் கீழே வைத்துவிட்டாள்.

இமெல்டா, எனக்குக் கொஞ்சம் பிரண்டை அரைத்துத் தா என்று கேட்டேன். சொன்னேன் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். கேட்டேன்.